சோம்பல் அல்ல, நோய்

"பெரட்டுக்குப் போக எழும்பவே மாட்டேங்கிறாள், சோம்பேறி!" என்று மருமகளை ஏசும் மாமியார்களே, சற்றுக் கேளுங்கள். நெடுநாள் மனச்சோர்வில் வாடுவோரின் மூளையைப் படம் பிடித்தால், நினைவுக்குத் துணையான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி மற்றவர்களைவிடச் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருக்கிறது. வழக்கமான மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். பத்து நாளில் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூசாரியைத் தேடுவது நம்மவர் வழக்கம்!

2006இல் அமெரிக்காவில், மாத்திரைக்கு மசியாத 17 பேருக்கு, மயக்க மருந்தான கெட்டமைனைச் சிறிதளவு இரத்தத்தில் ஏற்றினார்கள். ஒரே நாளில் 12 பேருக்குச் சோர்வு பாதியாவது தணிந்தது. ஒரு வாரத்துக்குள் பலருக்குத் திரும்பியும் வந்தது. எலிகளின் மூளையில் இம்மருந்தால் நரம்பு இணைப்புகள் புதிதாகத் துளிர்க்கக் கண்டிருக்கிறார்கள். மருத்துவர் கண்முன்தான் இதைக் கொடுப்பார்கள். தெருவில் விற்கும் கெட்டமைன் சிறுநீர்ப்பையை அரித்துவிடும்.

மருமகளை முதலில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். கொடுத்த மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.