நேர்முகப் பரீட்சையில் அளக்கப்படுவது அறிவா, பூர்வீகமா?

பதுளை, பசறை, ஹாலிஎல, வெலிமடை, ஹப்புத்தளை ஆகிய பிரதேசங்களின் தமிழ், முஸ்லிம் இளைஞர் யுவதிகளுக்கு ஆசிரியர் நியமனத்தை விட்டால் வேறு வழியில்லை என்றிருந்த நிலை மாறி வருகின்றது. 2005ஆம் ஆண்டில் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 2013இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பாடத்துறை அறிமுகமானது. இவற்றால் கணினித் துறையின் கதவு சற்றுத் திறந்துள்ளது. ஆயினும், அந்தப் பாதையின் இறுதி வாயில் கொழும்பு நிறுவனமொன்றின் நேர்முகப் பரீட்சை அறையாகவே உள்ளது.

மென்பொருள் நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சையில் விண்ணப்பதாரி, பரீட்சகர் பார்த்திருக்க, ஒரு கணக்கிற்கான நிரலை வெண்பலகையிலோ திரையிலோ எழுதி, தான் சிந்திக்கும் விதத்தையும் உரத்துக் கூற வேண்டும். அவ்வேளையில் இடைமறித்துப் பேசுவது, ஆங்கில உச்சரிப்பைக் கண்டு நகைப்பது, ‘எந்தத் தோட்டம், தந்தைக்கு என்ன தொழில்’ என வினவுவது, முஸ்லிம் யுவதியிடம் ஹிஜாபைப் பற்றி விசாரிப்பது ஆகியவை நிரலாக்கத்துடன் எவ்விதத் தொடர்பும் அற்றவை. இத்தகைய கசப்பான அனுபவத்துடன் ஊர் திரும்புபவர், குறை தன்னிடமே உள்ளதெனக் கருதி அத்துறையையே கைவிடும் அபாயம் உண்டு.

இது வெறும் மனத்தாங்கல் அல்ல. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்கள் பங்குபற்றினர். பரீட்சகர் முன்னிலையில் விடை எழுதியோரின் பெறுபேறு, அதே வினாவுக்குத் தனியறையில் விடை எழுதியோருடையதிலும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பரீட்சகர் முன் எழுதிய பெண்களில் ஒருவரேனும் சித்தியடையவில்லை. தனித்து எழுதிய பெண்கள் அனைவரும் சித்தியடைந்தனர். ஆய்வு சிறியதே. எனினும், பதற்றத்தை அளந்துவிட்டு அதனைத் திறமையின்மை என்று பதிவு செய்யும் ஆபத்தை அது தெளிவாகக் காட்டுகின்றது.

சட்டம் எங்கே நிற்கின்றது? அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் முதலியவற்றின் அடிப்படையில் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கின்றது. அரச சேவைக்கான பரீட்சைக்குத் தமிழிலோ சிங்களத்திலோ தோற்றும் உரிமையை 22(5)ஆம் உறுப்புரை வழங்குகின்றது. ஆனால், அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தை நாடும் வழி, நிறைவேற்று மற்றும் நிர்வாகத் துறையினரின் செயல்களுக்கு எதிராகவே உள்ளது. தனியார் நிறுவனப் பரீட்சகர் அதற்கு வெளியே நிற்கின்றார். தொழிலிலும் தொழில் வாய்ப்பிலும் பாரபட்சத்தை ஒழிப்பதற்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இலேயே ஏற்றுக்கொண்டது. அந்த வாக்குறுதி தனியார் துறையின் நேர்முக அறைக்குள்ளும் செல்லுபடியாக வேண்டும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் பணியாற்ற ஆங்கிலமும் நெருக்கடியைத் தாங்கும் ஆற்றலும் தேவை என நிறுவனங்கள் வாதிடலாம். அது நியாயமே. அவ்வாறாயின் ஆங்கிலத்தைத் தனியாகப் பரீட்சித்துத் தனியாகப் புள்ளியிடலாம். நெருக்கடியைத் தாங்குவது வேறு, அவமதிப்பைத் தாங்குவது வேறு. அனைவருக்கும் ஒரே வினாக்கள், முன்கூட்டியே வகுத்த புள்ளித்திட்டம், குறைந்தது இரு பரீட்சகர்கள், முறைப்பாடு செய்ய ஒரு வழி ஆகியன பெரும் செலவு பிடிப்பவையல்ல. ஒழுங்கமைந்த நேர்முகப் பரீட்சையே பணித்திறனைக் கூடுதலாக முன்னறிவிக்கின்றது என்பதை ஷ்மிட், ஹன்டர் ஆகியோர் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வு எடுத்துக்காட்டியது. ஆகவே, இது நிறுவனங்களுக்கும் இலாபமானதே.

1948இல் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட மலையக மக்களில் எஞ்சியிருந்தோருக்கு அதனைப் பெற்றுக்கொடுக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. வாக்குரிமைக்கு அரை நூற்றாண்டு காத்திருந்த சமூகத்தின் பிள்ளைகள் கேட்பது சலுகையையல்ல. எழுதிய நிரலைப் பார்த்து மதிப்பிடுங்கள், வந்த தோட்டத்தைப் பார்த்து அல்ல என்பதே அவர்களது கோரிக்கை. மலையகப் பிரதிநிதிகளும் முஸ்லிம் பிரதிநிதிகளும் இவ்விடயத்தில் ஒரே குரலில் பேசுவார்களா?