கிழமைக்கு 15 மணித்தியாலம்



இணுவிலில் எமது பெண்கள் குழுவின் மாதாந்தக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பலாலிப் பக்கமாக விமானம் ஒன்று இறங்கும் சத்தம் கேட்டது. "கிபிர்ச் சத்தத்துக்குப் பங்கருக்குள்ள ஓடின பிள்ளை, இப்ப பிளேன் ஓட்டப் படிக்கிறாளாம்" என்றார் ஓர் அக்கா. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "என்னோட கதைக்கவும் அவளுக்கு நேரமில்லை, தங்கச்சி" என்றார்.

2009இல் வன்னியில் கணவரை இழந்தவர் அவர். ஒரே மகள் லண்டனில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் முழுநேர வேலை செய்துகொண்டே விமானிக்கான எழுத்துப் பரீட்சைகளுக்குப் படிக்கிறாள். அந்தப் பிள்ளையுடன் தொலைபேசியில் பேசினேன். அவள் சொன்னவை எமக்கும் உதவும் என்பதால் இம்மாதம் அதையே எழுதுகிறேன்.

விமான நிறுவனங்களில் விமானியாக வர விரும்புவோர் அங்கு 13 பாடங்களில் எழுத்துப் பரீட்சை எழுத வேண்டும். வான்வழிச் சட்டம், காலநிலை, வழிசெலுத்தல், விமானத்தின் நிறையும் சமநிலையும் என்று அவை நீளும். ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். ஒரு பாடத்திற்கு நான்கு தடவைதான் தோற்றலாம். முதற் பரீட்சை எழுதிய மாதத்தின் முடிவிலிருந்து 18 மாதத்திற்குள் எல்லாப் பாடங்களும் சித்தியடைய வேண்டும். பாடநெறியோ 650 மணித்தியாலத்திற்குக் குறையாதது. வேலைக்குப் போவோர் அதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படிக்கலாம். பறக்கும் பயிற்சிக்கான பெரிய செலவு வேறு. அதற்காகத்தான் அவள் வேலையை விடவில்லை.

தொடக்கத்தில் அவள் வேலை முடிந்து வந்து, சமைத்துச் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தாள். முதல் எழுதிய இரண்டு பாடங்களில் ஒன்று தவறியது. தவறியது எது தெரியுமா? மனிதச் செயற்றிறன் என்ற பாடம். களைப்பும் நித்திரைக் குறைவும் விமானியின் தீர்மானத்தை எப்படிக் கெடுக்கும் என்பதும் அதில் ஒரு பகுதி. "நித்திரை முழிச்சு நித்திரையைப் பற்றிப் படிச்சனான், அக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதன் பிறகுதான் கணக்குப் போட்டிருக்கிறாள். வேலை நாட்களில் காலை 5 மணியிலிருந்து ஆறரை வரை. சனிக்கிழமை நாலரை மணித்தியாலம், ஞாயிறு மூன்று. மொத்தம் கிழமைக்கு 15 மணித்தியாலம். 650ஐ 15ஆல் பிரித்தால் ஏறக்குறைய 43 கிழமை. நான்கு கிழமை படித்தால் ஐந்தாவது கிழமையை வெறுமையாக விட்டாள். காய்ச்சல் வரும், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்கள் வரும். அப்போது பின்தங்கியதை அந்தக் கிழமை ஈடுசெய்யும். அப்படிப் பார்த்தால் ஒரு வருடம். மிச்ச மாதங்கள் மீட்டுப் படிக்கவும், தவறியதைத் திரும்ப எழுதவும்.

ஆனால் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டுமென்றால் நேரத்தோடு படுக்க வேண்டுமே. அங்குதான் அம்மா வருகிறார். லண்டனில் கோடைகாலத்து இரவு ஏழரை என்றால் இங்கு நடுச்சாமம். மகள் வேலையால் வரும்வரை அம்மா நித்திரை முழித்துக் காத்திருப்பார். பேச்சு ஒரு மணித்தியாலத்திற்கு மேல் போகும். "அம்மாவை வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லை" என்றாள் பிள்ளை. அதனால் காரணம் சொல்லாமல் அழைப்பைக் குறைத்துவிட்டாள். இங்கே தாய் தன்னை மறந்துவிட்டாளென்று அழுதுகொண்டிருந்தார்.

நான் செய்தது சிறிய வேலைதான். இருவரையும் பேசவைத்தேன். இப்போது மகள் வேலைக்கு ரயிலில் போகும்போது, காலை ஏழரைக்கு, அம்மாவுக்கு எடுக்கிறாள். இங்கு நண்பகல். சோறு கறி சமைத்து முடித்து அம்மா காத்திருப்பார். இருவருக்கும் நித்திரை கிடைக்கிறது. 13இல் எட்டுப் பாடங்கள் முடிந்துவிட்டன. அம்மா நாட்காட்டியில் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறார்.

சகோதரிகளே, எமது குழுவிலும் தையல் வேலைக்குப் போய்க்கொண்டு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரக் கணிதம் எழுதவிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த அக்காமாருக்கு மண்ணெண்ணெயின் அளவே நேர அட்டவணை. இன்று மின்விளக்கு இருக்கிறது. ஆனால் "அம்மா படிக்கிறா" என்று சொல்லி அடுப்படியைப் பார்த்துக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். பரீட்சைக்கு எத்தனை கிழமை இருக்கிறது என்று எண்ணுங்கள். கிழமைக்கு உண்மையாக எத்தனை மணித்தியாலம் முடியும் என்று எழுதுங்கள். மூன்றென்றால் மூன்றுதான், வெட்கமில்லை. பிறகு அந்தத் தாளைப் பிள்ளைகளுக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். படிக்கும் நேரத்தைக் களவாக எடுக்க வேண்டாம். கேட்டு எடுங்கள். சொல்லாமல் எடுத்த நேரம் வீட்டில் மனவருத்தமாகத் திரும்பி வரும். சொல்லி எடுத்தால், நாட்காட்டியில் குறித்து வைக்க ஒருவர் கிடைப்பார்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.