பி.டி.ஓ. நழுவினா டிராக்டரை வித்துடணுமா?

ஊர்ல டிராக்டர் மக்கர் பண்ணினா, பெங்களூர்ல இருக்கிற நம்ம மக்கள் உடனே சொல்றது, "பழசைத் தள்ளிட்டு லோன்ல புதுசு எடுங்கப்பா." லோன் கொடுக்கிற வேலையில இருக்கிற நானே சொல்றேன், அவசரப்படாதீங்க.

நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்தவேண்டிய பி.டி.ஓ., சேத்துல ரொட்டவேட்டரோட நின்னுபோகுது. இன்ஜின் திணறுதா? இல்லைன்னா இன்ஜினுக்கு ஒண்ணும் இல்லைங்க, நழுவுறது கிளட்ச். டியூயல் கிளட்ச் வண்டியில சக்கரத்துக்கு ஒரு பிளேட், பி.டி.ஓ.வுக்குத் தனி பிளேட். முதல்ல பெடல் ஃப்ரீ பிளே, லீவர் அட்ஜஸ்ட்மென்ட் பார்க்கச் சொல்லுங்க. அப்பவும் நழுவினாதான் வண்டியை ரெண்டாப் பிரிச்சு பிளேட் மாத்தணும். ஆயில் கசிஞ்சிருந்தா சீலும் சேர்த்து. பிரிக்கிற கூலி வலிக்கும்தான். ஆனா தவணை வருஷக்கணக்கா வலிக்குமே!

அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிவைங்க: ஷாஃப்ட் சுத்தும்போது வேட்டியோட கிட்டப் போகவேண்டாம்.