கொரியக் குறிப்புகள் – 17: அக்கா முகத்துக்கு ஒரு பயணத் திட்டம்

மக்களே, தீசிஸ் எழுத உட்கார்ந்தா மத்த எல்லா வேலையும் செய்வேன்னு உங்களுக்கே தெரியும். இந்த மாச வேலை மொழிபெயர்ப்பாளர். பெரியம்மா பொண்ணு, நம்ம திருச்சி அக்கா, டிசம்பர்ல சியோல் வர்றாங்க. சுத்திப் பார்க்க இல்லை, மூஞ்சிக்கு :)

அவங்க அனுப்பின லிஸ்ட்: போடாக்ஸ், ஃபில்லர், அல்தெரா, சால்மன் ஊசி, கன்னத்து மங்குக்கு லேசர். எல்லாம் ஒரே நாள்ல. மறுநாள் நாமி தீவு, அதுக்கு மறுநாள் ஃப்ளைட். ஏங்க்கா இவ்வளவு அவசரம்னு கேட்டேன். தை மாசம் பொண்ணு கல்யாணம். மாமா போனதிலிருந்து ஆறு வருஷமா அக்கா எந்த போட்டோவுலயும் நின்னதில்லை. "இந்த ஆல்பத்துல நிக்கணும்டா"ன்னாங்க. அதுக்கு மேல கிண்டல் பண்ணத் தோணலை.

சரின்னு ஒரு சனிக்கிழமை காங்னம் பக்கம் போனேன். அங்க ஒரே கட்டடத்துல நாலு கிளினிக் இருக்கும். முதல்ல போர்டைப் படிக்கணும். கிளினிக் பெயரோட ஒட்டி 'பிபுக்வா'ன்னு இருந்தா தோல் மருத்துவ நிபுணர் நடத்துறது. பெயருக்குப் பின்னாடி வெறும் 'உய்வொன்', ஓரமா சின்ன எழுத்துல 'ஜில்லியோ குவாமோக்'னு போட்டு அப்புறம் பிபுக்வா வந்தா, தோலும் பார்க்கிற வேற டாக்டர். தோல் நிபுணர் இல்லாதவங்க பெயர்லயே பிபுக்வா போட இங்க சட்டம் விடாது. ரெண்டாவது வகையிலயும் கைதேர்ந்தவங்க இருக்கலாம். ஆனா எந்த வாசல்ல நுழையறோம்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா? வெளிநாட்டு நோயாளிகளை அழைச்சு வைத்தியம் பார்க்கிற கிளினிக் அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும், 2016 சட்டப்படி விபத்துக் காப்பீடும் வெச்சிருக்கணும். அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேக்கலாம், தப்பில்லை.

உள்ள போனா டாக்டர் வர மாட்டார், 'சில்ஜாங்' வருவாங்க. ஆலோசகர்னு பேரு, வேலை என்னவோ நம்ம ஊர் ஜவுளிக்கடை சேல்ஸ் மாதிரிதான். ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) அக்கா போட்டோவைப் பார்த்ததும் அஞ்சையும் ஒரே பேக்கேஜாக்கி, இன்னிக்கே பணம் கட்டினா தள்ளுபடின்னுட்டாங்க. எங்களை மாதிரி மாநிறத் தோல் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்கன்னு கேட்டேன். "தோல் எல்லாருக்கும் ஒண்ணுதானே"ன்னு பதில்.

ஒண்ணு இல்லைங்க. மங்குக்கு அடிக்கிற லேசர் தேடிப் போறது மெலனினை. நம்ம தோல்ல மங்கு இல்லாத இடத்துலயும் மெலனின் நிறைய இருக்கே! ஐபிஎல்னு ஒரு ஒளி சிகிச்சை இன்னும் மோசம். சூடு பட்டா மங்கு கூடும், தழும்பு கருத்து மாசக்கணக்கில் நிக்கும். 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர் கருப்புத் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பு. ஆனா கல்யாணத்துக்கு ஒன்றரை மாசம் முன்னாடி முதல் தடவையா சோதிச்சுப் பார்க்கிற விஷயமா அது?

அதனால லிஸ்ட்ல அடிக்க ஆரம்பிச்சேன். லேசர் போச்சு. அல்தெரா தோலுக்கு அடியில அல்ட்ராசவுண்ட் சூடு கொடுக்கிறது. பலன் முழுசாத் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும், தை தாண்டிடும். சால்மன் ஊசி சில வார இடைவெளியில மூணு நாலு தடவை போடணும், ஒரு டிக்கெட்டுக்கு ஒத்து வராது.

ஃபில்லருக்குத்தான் அக்காகிட்ட அரைமணி நேரம் சண்டை. ஹயலுரோனிக் அமில வகைன்னா கரைக்க மருந்து உண்டு, வாஸ்தவம். ஆனா ஊசி ரத்தக்குழாய்க்குள்ள போயிட்டா தோல் அழுகலாம், அபூர்வமா பார்வையே போகலாம். உடனே கவனிக்கணும். வலிச்சு தோல் வெளுக்க ஆரம்பிக்கும்போது நீங்க பாங்காக் மேல பறந்துட்டிருந்தா என்ன பண்றது? கடைசியில "சரிடா, வேணாம்"னாங்க.

மிஞ்சினது போடாக்ஸ், நெத்திக்கும் புருவ நடுவுக்கும். (நாம எல்லா நகலையும் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி இங்கயும் எல்லாமே போடாக்ஸ்தான். உள்ளூர் சரக்கு நிறைய. அதுல நபோட்டாவை 2019-ல அமெரிக்காவே வேற பேர்ல அனுமதிச்சது.) நாலைஞ்சு நாள்ல வேலை செய்ய ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துல முழுசாகி, மூணு நாலு மாசம் நிக்கும். டிசம்பர் முதல் வாரம் போட்டா தைக்கு கச்சிதம். இமை தொங்கிச்சுன்னா மாத்த மருந்து கிடையாது, தானா சரியாக சில வாரம் ஆகும். அந்த அவகாசமும் இதுலயே வந்துடுது. மருந்து பேர், லாட் நம்பர், எத்தனை யூனிட், எல்லாம் எழுதி வாங்கிக்கணும். ஒரு கம்பெனி யூனிட்டும் இன்னொண்ணும் சமம் இல்லை, நாளைக்குத் திருச்சி டாக்டர் கேட்டா காட்டணுமே.

ஒரு நிஜ பிபுக்வாவில் டாக்டரம்மாவே பேசினாங்க. அக்கா சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் கேட்டாங்க. ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு சாப்பிடறாங்க, ஊசி போட்ட இடம் கன்னிப்போகும். ஆனா இதுக்காக அதை நிறுத்தக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. மங்குக்கு சன்ஸ்க்ரீன், நேர்ல பார்த்துட்டு ஒரு கிரீம், அவ்வளவுதான். பில் பேக்கேஜ்ல கால்வாசி கூட வராது.

அக்கா டிக்கெட்டை பத்து நாளா நீட்டிட்டாங்க. ரெண்டாம் நாள் டாக்டர், மூணாம் நாள் ஊசி, நாமி தீவு அதுக்கப்புறம், குடையோட. மிச்சமான காசுக்குப் பொண்ணுக்கு இன்னொரு பட்டுப்புடவையாம். எனக்கு முறுக்கு.