லயத்திலிருந்து ஸ்டேஷன் வரை

பட்டணத்தில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்துவிட்டால் தோட்டத்தில் அது ஒரு வீட்டுச் சந்தோஷத்தோடு நிற்பதில்லை. லயம் முழுவதும் அந்த வீட்டு வாசலுக்கு வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போகும். என் மைத்துனனுக்குக் கோலாலம்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் வேலை கிடைத்தபோதும் அப்படித்தான் நடந்தது. சம்பளம் 2,200 வெள்ளி. வந்தவர்கள் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எதில் போகப் போகிறாய்?" என்பதே எல்லோருடைய கேள்வியும்.

கார் வாங்கிவிடு, நாலு பேர் மதிப்பார்கள் என்றார் தண்டல். மோட்டார் சைக்கிளே போதும், அதற்கு டோல் கிடையாது என்றார் ஸ்டோர்காரர். ரயிலில் போனால் தூங்கிக்கொண்டே போகலாம் என்றார் ஒரு பெரியவர். அவர் கடைசியாக ரயில் ஏறியது எப்போது என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் பால் வெட்டிய என் மாமியார் மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. எல்லோரும் போன பிறகு, "மாப்பிள்ளை, நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க. ஆனா மோட்டார் சைக்கிள் வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார்.

செக்ரோல் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? அன்றிரவே உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத் தோழர்கள் முன் வைக்கிறேன். இது ஒரு கிராணியின் வீட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். அலோர் காஜா, காடெக், மச்சாப், ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் வெளியே போய்த்தான் பிழைக்கிறார்கள். இதே கேள்வி எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் நடக்கிறது.

முதலில் கார். எங்கள் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர், போய்வர 240. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சின்னக் கார் என்று வைத்தால், நாளுக்கு 16 லிட்டர். மாதம் 24 நாள் வேலைக்கு 384 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் பூடி 95 திட்டம் தொடங்கியபோது, ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்று வைத்து, ஆளுக்கு மாதம் 300 லிட்டர் என்று அளவும் வைத்தார்கள். நம் பையனுக்கு மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போதே அந்த அளவு தீர்ந்துவிடும். மிச்சத்தை மானியமில்லாத விலைக்குத்தான் போட வேண்டும். அன்றைய விலையில் பெட்ரோலுக்கு மட்டும் 800 வெள்ளிக்கு மேல். காருக்குத் தவணை 500 வெள்ளி. சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் பிடித்தம் போக, டோலும் இன்ஷூரன்சும் கட்டுவதற்கு முன்னமே கையில் நிற்பது 630 வெள்ளி சுமார்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளம் வாங்கிக்கொண்டு லயத்திலேயே இருக்கும் பால்வெட்டுக்காரர், காரில் போய்வரும் பட்டணத்து உத்தியோகஸ்தரைவிடப் பணக்காரர்! தண்டல் சொன்ன மதிப்புக்கு விலை இது.

மோட்டார் சைக்கிள் கணக்கில் கெட்டிக்காரன். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடினாலும் மாதம் 144 லிட்டர்தான்; 300 வெள்ளிக்குள் அடங்கிவிடும். டோல் இல்லை. தவணையும் குறைவு. காகிதத்தில் பார்த்தால் இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் இந்நாட்டுச் சாலைகளில் வருஷத்துக்கு ஆறாயிரம் பேர் அளவில் சாகிறார்கள். அவர்களில் மூவருக்கு இருவர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மாமியாருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அடுத்த லயத்துப் பையன் ஒருவன். இரண்டு வருஷத்துக்கு முன் இரவு வேலை முடிந்து திரும்பியவன், விடியற்காலையில் நின்றுகொண்டிருந்த லோரியின் பின்னால் மோதினான். தூங்கியிருக்க வேண்டும். அவன் சாப்பாட்டுத் தூக்கு நசுங்காமல் வீடு வந்து சேர்ந்தது.

அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1969-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். மோட்டார் சைக்கிளானாலும், பஸ்ஸானாலும், ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தாலும் ஒன்றுதான். ஆனால் வழியை விட்டு விலகி வேறு சொந்தக் காரியத்துக்குப் போயிருந்தால் தகராறு வரும். அந்தப் பையன் நேர்வழியில்தான் வந்தான். அப்படியிருந்தும் அவன் வேலை செய்த இடத்தில் ஷிப்ட் முடிந்த நேரத்தை எழுதிக் கொடுக்க மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். முதலாளியின் பெயர் இங்கே வேண்டாம். போலீஸ் புகாரும் நேர அட்டையின் நகலும் கையில் இருந்ததால் கடைசியில் பென்ஷன் வந்தது. பிள்ளைகள் எதில் போனாலும் சரி, நேர அட்டையை மாதாமாதம் படம் பிடித்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி ரயில். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா பட்டணம் வரைக்கும் கிளைப் பாதை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு நம் தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போன பல்லாயிரம் பேரில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் திரும்பினான், சுதந்திரமும் வந்தது. அந்தக் கிளைப் பாதை மட்டும் திரும்பவில்லை. மலாக்கா பட்டணத்துக்கு இன்றும் ரயில் இல்லை. ஆயர் குரோவில் அதிவேக ரயில் நிற்கும் என்று சில வருஷம் ஆசை காட்டினார்கள். அந்த ஒப்பந்தமும் 2020 டிசம்பர் 31-உடன் காலாவதியானது. நம்மவர்களுக்கு அந்த வேகம் தேவையில்லை. நேரத்துக்கு ஒரு வண்டி போதும்.

அந்த வண்டி புலாவ் செபாங்கில் இருக்கிறது. சிரம்பானுக்கும் கிம்மாசுக்கும் இடையே 2013-இல் மின்சார இரட்டைப் பாதை முடிந்தது. 2015-இல் கொமுட்டர் ரயில் புலாவ் செபாங் வரை நீண்டது. கோலாலம்பூருக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். இ.டி.எஸ். சீக்கிரம் போய்விடும், கட்டணம் அதிகம், முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும். தினசரி போகிறவனுக்குக் கொமுட்டர்தான் தோது.

என் மைத்துனன் இப்போது அதில்தான் போகிறான். லயத்திலிருந்து ஸ்டேஷனுக்கு எட்டு மைல். அந்த வேளையில் பஸ் கிடையாது. ஆகையால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கத்தான் வேண்டியிருந்தது. மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "240 கிலோமீட்டரும் 26 கிலோமீட்டரும் ஒன்றா, அத்தை?" என்று கேட்டேன். "விழுறதுக்கு எத்தனை மைல் வேணும், மாப்பிள்ளை?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பணத்தில் ரயில் ஜெயித்தது, நேரத்தில் தோற்றது. பெரட்டுக்கு முன்னமே அவன் கிளம்பிவிடுகிறான். திரும்பும்போது லயத்தில் விளக்கு அணைந்திருக்கிறது. மேல்நேர வேலை என்று முதலாளி நிறுத்தினால், கையைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறான். ஒரு வண்டி தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். "பட்டணத்திலேயே அறை எடுத்துவிடட்டுமா மச்சான்?" என்று கேட்கிறான். எடுக்கலாம். அறை வாடகையைக் கணக்கில் சேர்த்தால் கார்க்காரன் நிலைமைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அத்தோடு லயத்தில் ஓர் ஆள் குறைந்துவிடும்.

ஆகவே காரா ரயிலா என்ற கேள்வி நமக்குப் பாதிக் கேள்விதான். ஸ்டேஷன் பக்கத்தில் வீடு உள்ளவன் அதைக் கேட்கட்டும். நம்முடைய கஷ்டம் அந்த எட்டு மைலில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் தோட்டத்து வேன் காலை ஆறு மணி வரை கொட்டகையில் சும்மா நிற்கிறது. அதை ஐந்து மணிக்குள் ஸ்டேஷனுக்கு ஒரு நடை விடலாமே என்று காரியாலயத்தில் வாய்மொழியாகக் கேட்டேன். எத்தனை பேர் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், என்னிடம் எண்ணிக்கை இல்லை.

சுற்று வட்டாரத்துத் தோட்டக் கமிட்டித் தோழர்கள் தங்கள் லயங்களிலிருந்து சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் போகிறவர்களின் பெயர், வேலை தொடங்கும் நேரம், இப்போது எதில் போகிறார்கள் என்ற விவரங்களை எழுதி அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெண் பிள்ளைகளின் பெயர்களையும் விடாமல் எழுதுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.