மூணு தீவு, நாலு மணி நேரம், ஒரு கண்ணாடிக் கடை

'எட்டு நாள், ஆறு நாடு' வகை குரூப் டூர் போயிட்டு வந்து, வெனிஸ்ல எடுத்த நாலு போட்டோவைப் போட்டு 'மறக்க முடியாத அனுபவம்'னு பதிவு எழுதுற மக்களே, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கல்லெறியறதா இருந்தா முழுசா படிச்சுட்டு எறியுங்க.

2025 மே மாசம் அப்பா அம்மாவோட நானும் அப்படி ஒரு டூர்ல போனேன். சென்னையிலிருந்து 41 பேர். கம்பெனி பேரு வேண்டாம். நோட்டீசுல 'வெனிஸ் மற்றும் முரானோ, புரானோ, தொர்ச்செல்லோ தீவுகள்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. எங்க ஆபீஸ்ல கிளையண்டுக்கு அனுப்புற டெலிவரபிள் லிஸ்ட் கூட இதைவிடக் கொஞ்சம் நாணயமா இருக்கும்.

கணக்கைப் பாருங்க. தங்கினது வெனிஸ்ல இல்ல, பாலத்துக்கு இந்தப் பக்கம் தரைப்பகுதியில இருக்கிற மெஸ்த்ரேல. காலைல பஸ், அப்புறம் படகு, மொத்தம் மூணு தீவுக்கும் நாலு மணி நேரம். 2024ல இருந்து வெனிஸ்லயும் இந்தத் தீவுகள்லயும் ஒரு குழுவுல 25 பேருக்கு மேல கூட்டிட்டுப் போகக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாதுன்னு சட்டம். அதனால எங்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதி இன்னொரு பாதிக்காகக் காத்து நின்னதுலயே அரை மணி நேரம் காலி.

முரானோல மட்டும் ஒண்ணரை மணி நேரம் இருந்தோம். ஆகான்னு நினைக்காதீங்க. உலைக்கு முன்னாடி ஒருத்தர் கண்ணாடியை ஊதி, இழுத்து, குதிரை செஞ்சு காட்டினாரு. பத்து நிமிஷம். பிரமாதமாத்தான் இருந்துச்சு. மீதி எண்பது நிமிஷமும் மாடியில ஷோரூம். அவங்களுக்குக் கமிஷன் எவ்வளவுன்னு கேட்டேன், மேனேஜர் சிரிச்சாரு. ஊரெல்லாம் மரவீடா இருந்த காலத்துல தீப்பிடிக்கும்னு பயந்து, 1291ல கண்ணாடி உலைகளை எல்லாம் இந்தத் தீவுக்கு மாத்தினாங்க. இந்தக் கதையை ஷோரூம்ல யாரும் சொல்லல. கொஞ்ச தூரத்துலயே கண்ணாடி மியூசியம் இருக்கு. 1140ல போட்ட மொசைக் தரையோட ஒரு சர்ச் இருக்கு, ஒரு பைசா கமிஷன் தராத சர்ச்!

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிஞ்சது புரானோலதான். எங்கம்மா இருபது வருஷம் பிளவுசுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுத்துத்தான் என் காலேஜ் பீஸ்ல பாதியைக் கட்டினாங்க. மொத்த ஐரோப்பாவுல அவங்க பார்க்கணும்னு கேட்டது ஒண்ணே ஒண்ணு, புரானோ லேஸ். துணியே இல்லாம வெறும் ஊசியும் நூலும் வெச்சுப் பின்ற வேலை. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு கை தேர்ந்த ஆள், ஒரே துண்டு பல பேர் கை மாறித்தான் முடியும். 1872ல லேஸ் பள்ளிக்கூடம் ஆரம்பிச்ச அதே கட்டடத்துலதான் இப்ப மியூசியம் இருக்கு. எங்களுக்குக் கொடுத்தது முப்பத்தஞ்சு நிமிஷம். "கலர் கலரா வீடு இருக்கு, போட்டோ எடுத்துக்குங்க, மியூசியம் நம்ம பேக்கேஜ்ல இல்ல" அப்படின்னுட்டாங்க. அம்மா ஒரு கடை வாசல்ல தொங்கின மேசை விரிப்பைத் திருப்பிப் பார்த்துட்டு, "இது மிஷின் தையல்டா"ன்னு சொல்லிட்டு நடந்தாங்க.

தொர்ச்செல்லோவா? படகுல இருந்தபடியே கை காட்டினாங்க. "பெரிசா ஒண்ணும் இல்ல சார், ஒரு பழைய சர்ச்சும் புதரும்தான்." அந்தப் பழைய சர்ச் 639ல ஆரம்பிச்சது. வெனிஸ் பெரிய ஊர் ஆகறதுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்த தீவு அது. வண்டல் சேர்ந்து, மலேரியா வந்து, ஊரே காலியாகி, இன்னிக்கு அங்க குடியிருக்கிறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். வெனிஸ் பழைய நகரத்துலயும் 1951ல ஒண்ணே முக்கால் லட்சம் பேர் இருந்தாங்க, இப்ப ஐம்பதாயிரத்துக்கும் கீழ. இருந்த வீடெல்லாம் டூரிஸ்ட் வாடகைக்குப் போயிட்டா ஊர்க்காரன் எங்க இருப்பான்? தொர்ச்செல்லோவைச் சேறு காலி பண்ணிச்சு. வெனிஸைக் காலி பண்றதுல நம்ம பங்கும் இருக்கு.

ராத்திரி தங்காம வந்து போறவங்களுக்கு 2024ல இருந்து 5 யூரோ கட்டணம் வெச்சாங்க. அந்த வருஷம் 29 நாளைக்கு, 2025ல 54 நாளைக்கு, கடைசி நேரத்துல கட்டினா 10 யூரோ. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதாங்கறதால அங்க தூங்கற எங்க கூட்டத்துக்கு அதுவும் கிடையாது.

"வயசானவங்களைக் கூட்டிட்டுப் போக குரூப் டூர்தானேப்பா வசதி?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். எங்கப்பாவுக்கு ரசம் இல்லாம ராத்திரி இறங்காது. ஆனா அந்த ரசத்துக்காக சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஊரை விட்டுக் கிளப்பிட்டாங்களே! அன்னிக்கு டின்னர் முடிஞ்சு நான் மட்டும் ரயில் ஏறினேன். மெஸ்த்ரேல இருந்து பத்து நிமிஷம்தான். ஒன்பதரை மணிக்கு சந்துகள்ல என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. பகல்ல நாங்க முட்டி மோதின அதே பாலத்துல ஒரு தாத்தா நாயோட நின்னு யார் கூடவோ பேசிட்டிருந்தாரு. அந்த ஊர் நோட்டீசுல இல்லவே இல்ல.

கோண்டோலா தனிக்கதை. 'ஆப்ஷனல்'னு தலைக்கு 30 யூரோ, ஒரு படகுல அஞ்சு பேர், ஆக 150. நகராட்சி வெச்ச பகல் ரேட் ஒரு படகுக்கே 90. வகுத்துப் பார்க்க இன்ஜினியரிங் டிகிரி வேணுமா என்ன?

குரூப் டூர் போங்க, வேண்டாங்கல. பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்லயே உக்காந்து கேளுங்க: ஓட்டல் எந்த ஊர்ல, தீவுல கடை போக எத்தனை நிமிஷம், டின்னர் எத்தனை மணிக்கு, எங்க. பதில் சொல்லலைன்னா எழுந்து வந்துடுங்க. ஊருக்கு வந்தப்புறம் பதிவுல அதையும் எழுதுங்க சாமி, போட்டோ மட்டும் போதாது.

டிஸ்கி: ஃபோந்தமெந்தே நோவே படித்துறையில 12ஆம் நம்பர் படகு ஏறினா முரானோ, புரானோ ரெண்டும் ஒரே ரூட்டு. புரானோல இருந்து தொர்ச்செல்லோ அஞ்சே நிமிஷம். 24 மணி நேர டிக்கெட் 2025ல 25 யூரோ. ரசத்தை பிளாஸ்க்ல எடுத்துக்குங்க.