நாலு கம்பிக்கு எத்தனை கிட்டார்? - இசைக் கலைஞர்களைத் துரத்தும் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' ஆசை!

'ஒருத்தருக்கு எத்தனை பேஸ் கிட்டார் தேவை?' இந்தக் கேள்விக்கு, அதை வாசிப்பவர்களிடம் ரெடிமேடாக ஒரு பதில் இருக்கிறது. 'இப்போது இருப்பதைவிட ஒன்று கூடுதலாக!'

ஒன்று வைத்திருப்பவருக்கு இரண்டு வேண்டும். இரண்டு வைத்திருப்பவருக்கு மூன்று. பத்து வைத்திருப்பவரிடம் கேட்டுப்பாருங்கள்... பதினொன்றாவதின் படத்தை மொபைலில் எடுத்துக் காட்டுவார்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால், மாதக் கடைசியில் கிரெடிட் கார்டு பில் வரும்போது அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

பாட்டுக்கு அஸ்திவாரம்

முதலில், பேஸ் கிட்டார் என்றால் என்ன? பார்க்க சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் போலத்தான் இருக்கும். ஆனால், கழுத்து நீளம், கம்பிகள் தடிமன். பெரும்பாலும் நான்கே கம்பிகள். கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மேடையில் பெரும்பாலும் ஓரமாக நின்று வாசிப்பார்கள். கைத்தட்டல் பாடகருக்குப் போகும்.

ஆனால், அந்த ஓரத்து மனிதர் ஒரு நிமிடம் வாசிப்பதை நிறுத்தினால் பாட்டு காலி டப்பா போல ஒலிக்கும். இளையராஜா பாடல்களை நல்ல ஹெட்போனில் கேட்டால், குரலுக்கும் தபேலாவுக்கும் அடியில் இன்னொரு மெட்டு தனியாக நடந்துகொண்டிருப்பது தெரியும். அதுதான் பேஸ். சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ், ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களுக்கு இந்த அஸ்திவாரத்தைப் போட்டவர். மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் இதில் பாதி காணாமல் போய்விடும். பேஸின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் ஒரு நொடிக்கு சுமார் 41 அதிர்வுகள்தான். அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் குட்டி ஸ்பீக்கரால் முழுசாகக் கொடுக்க முடியாது.

ஆக, கேட்பவர் கண்ணில் படாத, சில சமயம் காதிலும் விழாத வாத்தியம் இது. அதைப் போய் ஏன் வாங்கிக் குவிக்கிறார்கள்?

ஒன்று போல இருக்கும்... ஆனால் ஒன்றல்ல!

1951-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு பேஸ் என்றால், ஆள் உயரத்துக்கு நிற்கும் மர வாத்தியம்தான். பஸ்ஸில் ஏற்ற முடியாது. டிரம்ஸ் சத்தத்தில் சரியாகக் கேட்காது. ஃபெண்டரின் கிட்டார் தோளில் மாட்டிக்கொள்ளும் அளவில் இருந்தது. கழுத்தில் ஃப்ரெட் எனப்படும் உலோகக் கட்டைகள் இருந்ததால், விரலை வைத்தால் ஸ்வரம் துல்லியமாக விழுந்தது. பெயரில் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், வந்தது அதனால்தான்.

அதோடு நின்றிருந்தால் பிரச்னையில்லை. 1960-ல் அதே கம்பெனியிலிருந்து 'ஜாஸ் பேஸ்' வந்தது. கழுத்து ஒல்லி, ஒலியை வாங்கும் பிக்அப் இரண்டு. 1976-ல் 'மியூசிக் மேன் ஸ்டிங்ரே'. இவை தவிர ஃப்ரெட் இல்லாதது, ஐந்து கம்பி, ஆறு கம்பி... ஒவ்வொன்றுக்கும் ஒலி கொஞ்சம் மாறும். ஒன்று உருண்டையாக ஒலித்தால், இன்னொன்று உறுமும்.

ஆசை நுழையும் சந்து இதுதான். வித்தியாசம் நிஜம். எனவே 'தேவை' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு நியாயமான காரணம் எப்போதும் கையிலேயே இருக்கும்!

இந்த ஆசைக்கு ஒரு பெயர் உண்டு

'ஸ்டீலி டேன்' இசைக்குழுவின் வால்டர் பெக்கர், கிட்டாரும் பேஸும் வாசித்தவர். அவர் 1994-ல் ஒரு கிட்டார் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இந்த ஆசையைக் கிண்டல் செய்து, 'கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். கிட்டார் வாங்கிக் குவிக்கும் வியாதி! சுருக்கமாக 'காஸ்'. வயிற்றுக்குள் உருளும் வாயுவுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இது டாக்டர்கள் வைத்த பெயரல்ல. ஒரு கலைஞர் தன் இனத்தைப் பார்த்துச் சொன்ன நையாண்டி. பிறகு கேமராக்காரர்கள் உட்பட பலரும் 'இது எங்களுக்கும் பொருந்துமே' என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெயர்தான் புதிது. வியாதி பழசு. பிரெஞ்சு எழுத்தாளர் டிடெரோ 1769-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு அழகான புது அங்கி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பழைய நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது. மாற்றினார். அடுத்து மேஜை உறுத்தியது. மாற்றினார். கடைசியில் அறையே மாறியது, கையில் காசும் கரைந்தது. பழைய அங்கியைத் தூக்கிப் போட்டதற்காக மனிதர் புலம்பித் தீர்த்திருக்கிறார். ஒரு பொருள் இன்னொரு பொருளை இழுத்துவரும் இந்தச் சங்கிலிக்கு 1988-ல் 'டிடெரோ விளைவு' என்று பெயர் வைத்தார் கிராண்ட் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர்.

பேஸ் வாங்கியவர் வீட்டிலும் இதே கதைதான். புது கிட்டாருக்குப் பழைய ஆம்ப் சரிப்படாது. ஆம்ப் வந்தால் எஃபெக்ட் பெடல் வேண்டும். பெடல்கள் சேர்ந்தால் அடுக்க ஒரு போர்டு வேண்டும். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ' என்ற மந்திரச்சொல் வேறு கூடவே நிற்கிறது.

வரி ஆபீஸும் ஒரு பேஸ் கலைஞரும்

'தி ஹூ' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசில். உலகின் மிகச் சிறந்த பேஸ் கலைஞர்களின் பட்டியலில் தவறாமல் இடம்பிடிப்பவர். கிட்டார்கள் வாங்கிச் சேர்ப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் குறைவு. இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த பெரிய பங்களாவில் பேஸ்களும் கிட்டார்களும் நிறைந்து கிடந்தன.

2002 ஜூனில், குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் அவர் இறந்துபோனார். வயது 57. சொத்துக்கான வரியைக் கட்ட வேண்டிய நிலையில், அந்தக் கிட்டார் சேகரிப்பு 2003 மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. பங்களாவும் விலைபோனது. இதில் ஒரு விநோதம்... ராக் ஸ்டார் ஆவதற்கு முன்பு என்ட்விசில் வேலை பார்த்தது பிரிட்டிஷ் வரித் துறை அலுவலகத்தில்!

இன்னொரு விநோதமும் உண்டு. 60-களின் கடைசியில் அவர் மேடையில் மிகவும் நம்பிய பேஸ்களில் ஒன்றின் பெயர் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. உடைந்துபோன ஐந்து ஃபெண்டர் பேஸ்களின் பாகங்களை ஒட்டுப்போட்டு உருவாக்கியது அது.

ஒரே பேஸ்... ஒரே விரல்!

இதற்கு நேர் எதிர்த் துருவம் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் 'மோடவுன்' நிறுவனத்தில் சம்பளத்துக்கு வாசித்தவர். 60-களில் உலகமே முணுமுணுத்த பல பாடல்களின் பேஸ் அவருடையது. ஆனால், நீண்ட காலம் ஆல்பங்களில் அவர் பெயர்கூடப் போடவில்லை.

அவருடைய முக்கியமான கிட்டார், 1962 மாடல் பிரிசிஷன் பேஸ். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து கம்பிகளை மீட்டுவார். கம்பி அறுந்தால் தவிர மாற்ற மாட்டார். 'மை கேர்ள்' பாடலின் தொடக்கத்தில் இதயத்துடிப்பு போல வரும் அந்த பேஸ் அவர் வாசித்ததுதான். அந்தப் பாடலைப் பாடிய குழுவின் பெயர் 'தி டெம்ப்டேஷன்ஸ்'. தமிழில் சொன்னால், சபலங்கள்! சபலங்களுக்குப் பின்னால் நின்று ஒரே கிட்டாரை வாசித்த மனிதர்.

1983-ல் அவர் இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு அந்த பேஸ் திருடுபோனது. எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை. 2000-ல் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அவருக்கு மரியாதை செய்தது. கிட்டார் போய்விட்டது, வாசிப்பு போகவில்லை.

கடையில் கிடைக்காத பொருள்

என்ட்விசில் சேகரித்ததால் மோசமான கலைஞரும் அல்ல, ஜேமர்சன் ஒன்றை வைத்திருந்ததால் மட்டும் மேதையும் அல்ல. இருவரும் வாசித்து வாசித்தே அந்த இடத்துக்கு வந்தவர்கள். புது கிட்டார் வாங்குபவர் பல நேரம் வாங்குவது மரத்தையும் கம்பியையும் அல்ல. 'இதை வாங்கினால் இன்னும் நன்றாக வாசிப்பேன்' என்ற நம்பிக்கையை. ஆர்டர் போட ஐந்து நிமிடம் போதும். ஒரு பாட்டைத் தாளம் பிசகாமல் வாசிக்க மாதக்கணக்கில் உட்கார வேண்டும். மனசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவா வேண்டும்?

இன்னொரு கிட்டார் வேண்டாம் என்பதல்ல. மேடையில் வாசிப்பவருக்கு அவசரத்துக்கு ஒன்று கூடுதலாக வேண்டும். தாழ்ந்த ஸ்வரங்கள் கேட்கும் இசைக்கு ஐந்து கம்பி வேண்டும். 'இந்தப் பாட்டுக்கு இது வேண்டும்' என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தால் அது தேவை. 'இதுவும் இருந்தால் நன்றாக இருக்குமே' என்று இழுத்தால் அது ஆசை.

ஆசை வரும்போது, முதலில் கையில் இருப்பதற்குக் கம்பி மாற்றிப் பார்க்கலாம். வழவழப்பான 'ஃப்ளாட்வவுண்ட்' கம்பி போட்டால் பழைய பாட்டின் கனிந்த ஒலி வரும். சொரசொரப்பான 'ரவுண்ட்வவுண்ட்' போட்டால் பளிச்சென்று கேட்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து 'செட்டப்' செய்தால், வளைந்த கழுத்து நிமிரும், கம்பியின் உயரம் சரியாகும். பாதிப் பேருக்குப் புது கிட்டார் கிடைத்த திருப்தி இதிலேயே வந்துவிடும். அப்புறமும் மனசு அடங்கவில்லையா? முப்பது நாள் தள்ளிப்போடலாம். அந்த முப்பது நாளும் பழைய கிட்டாரை வாசிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வாங்கி மூலையில் சாய்த்துவைத்தால் வாத்தியமும் சும்மா இருக்காது. ஈரக்காற்றில் மரக்கழுத்து வளையும், கம்பி துருப்பிடிக்கும்.

கிட்டார்காரர்களிடையே உலவும் ஒரு ஜோக் உண்டு. 'எனக்குச் சாவைக்கூடப் பயமில்லை. நான் போன பிறகு, நான் சொன்ன விலைக்கே என் மனைவி இதையெல்லாம் விற்றுவிடுவாளோ என்பதுதான் பயம்!' சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயம் உறைக்கும். வீட்டில் நிஜ விலையைச் சொல்ல முடிகிற பொருள் என்றால் வாங்கலாம். விலையைக் குறைத்துச் சொல்லத் தோன்றுகிறதா? அப்போதே தெரிந்துவிட்டது, அது தேவையா ஆசையா என்று.

கிட்டாருக்கு மட்டுமல்ல... உங்கள் கார்ட்டில் இப்போது காத்திருக்கும் பொருளுக்கும் இதே சோதனைதான்!